டிஏபி கூட போட்ட பிஞ்சை ஏன் முதல்ல சுருண்டுச்சு?

தம்பி கேட்டத சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. கோவில்பட்டி பக்கம் கரிசல் காடு, மானாவாரி மக்காச்சோளம், பக்கத்து பக்கத்துல ரெண்டு பிஞ்சை, ஒரே விதை, ஒரே மழை. கார்த்திகைல மூணு வாரம் மழை மறைஞ்சதும் தம்பியோட பிஞ்சை காலைல பத்து மணிக்கே இலைய உருட்டிக்கிச்சு, பக்கத்துக்காரர் பிஞ்சை மத்தியானம் வரைக்கும் தெளிவா நின்னுச்சு. இத்தனைக்கும் டிஏபி உரத்த கூடுதலா போட்டது தம்பி தான், அறுப்பு முடிஞ்சதும் ரோட்டாவேட்டர் விட்டு சுத்தமா வெச்சிருக்கிறதும் தம்பி தான். பக்கத்துக்காரர் ஆட்டுக்கிடை போடுவாராம், தட்டைய அப்படியே விட்டுருவாராம். இப்ப உரக்கடைல "மைக்கோரைசா பாக்கெட் வாங்கிப் போடுங்க, அந்த பூஞ்சாணம் தண்ணிய இழுத்து பயிருக்குக் குடுக்கும்"னு சொல்லியிருக்காங்க. இது உண்மையா, வாங்கலாமா, இது தான் கேள்வி.

காட்ட நேர்ல பாக்காம இது தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது. ஒரு பிஞ்சைல கரிசல் நாலடி ஆழம் இருக்கும், அடுத்ததுல ஒன்றரை அடில சுக்கான் பாறை வந்துரும், அப்படி இருந்தா பூஞ்சாணம் உரம்னு பேசுறதே வீண், கடப்பாரை எடுத்து ரெண்டு இடத்துல குத்திப் பாத்துக்கோங்க. ஆழம் ஒண்ணு தான்னா மேல படிங்க.

கடைக்காரர் சொன்னதுல பாதி உண்மை. பூஞ்சாணத்துக்கும் வறட்சிக்கும் சம்பந்தம் இருக்கு, நல்லாவே இருக்கு, ஆனா அது தண்ணி லாரி வேலைய விட சோறு போடுற வேலைய தான் அதிகமா பாக்குது. வறட்சின்னா நாம தாகத்த மட்டும் நினைக்கிறோம், பயிருக்கு அது பசியாவும் வருது, பல நேரம் தாகத்துக்கு முன்னாடியே பசி வந்துருது.

எப்படின்னா மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், அது மண்ணுல நடமாடவே நடமாடாது. யூரியால இருந்து வர்ற நைட்ரேட் தண்ணியோட தண்ணியா வேர் கிட்ட வந்து சேந்துரும். மணிச்சத்து மண் துகள சுத்தி இருக்கிற ஈரப் படலத்துக்குள்ள ஊர்ந்து ஊர்ந்து தான் வரணும், அதுலயும் நம்ம கரிசல்ல சுண்ணாம்பு ஜாஸ்தி, கால்சியம் பாதி வழியிலயே பிடிச்சு வெச்சுக்கும். வேர் தன்னை சுத்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள இருக்கிறத தின்னு முடிச்சிட்டா, ஒரு சென்டிமீட்டர் தள்ளி எவ்வளவு கிடந்தாலும் அதுக்கு எட்டாது. மண்ணு காயக் காய அந்த ஈரப் படலம் மெலிஞ்சு அங்கங்க அறுந்து போகுது, நேர் வழி சுத்து வழியாகுது. அதனால மண்ணுல இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்கும், செடியும் வாடியிருக்காது, ஆனா மணிச்சத்து வரத்து நின்னு போயிருக்கும். துத்தநாகத்துக்கும் ஏறக்குறைய இதே கதை தான். மண் பரிசோதனை அட்டைல "அதிகம்"னு போட்டிருந்தும் இளம் மக்காச்சோளம் இலை ஓரம் கத்திரிப்பூ கலருக்கு மாறி நிக்கிறது இதனாலயும் தான், அட்டை சொல்றது இருப்பு, செடிக்கு வேண்டியது வரத்து. இளம்பருவத்துல பசியோட இருந்த செடி மொத்தமா சிறுத்துரும், வேரும் ஆழம் போகாது, அப்புறம் அடில ஈரம் இருந்தும் அதுக்குப் பிரயோஜனம் இல்ல.

இங்க தான் பூஞ்சாணம் உள்ள வருது. இந்த வேர்-பூஞ்சாணக் கூட்டுக்கு மைக்கோரைசான்னு பேரு வெச்சது 1885ல ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க்ங்கிற ஜெர்மன்காரர், அவர் பாத்தது காட்டு மரங்களோட வேர்ல. நம்ம பயிர்கள்ல இருக்கிற வகை வேற, அது வேர் செல்லுக்குள்ளயே நுழைஞ்சு குட்டி மரம் மாதிரி கிளை விட்டு உக்காந்துக்கும், நம்ம ஊர்ல வேம், வேர் உட்பூசணம்னு சொல்றது இதத்தான். ஸ்காட்லாந்துல 40 கோடி வருஷத்துக்கு முந்தின செடிப் புதைபடிவத்துலயே இது இருக்கு, அந்த செடிகளுக்கு ஒழுங்கான வேரே கிடையாது, அப்பவே இந்தக் கூட்டாளி இருந்திருக்கான். இதோட இழை தலைமுடில பத்துல ஒரு பங்கு தடிமன் கூட இருக்காது, அதனால வேர் போக முடியாத சந்துலயெல்லாம் புகுந்து பல சென்டிமீட்டர் தூரம் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்துட்டு வந்து குடுக்கும், ஒரு கிராம் மண்ணுலயே மீட்டர் கணக்குல இழை ஓடும். சும்மா குடுக்காது. செடி வெயில்ல சமைக்கிற சர்க்கரை, கொழுப்புல 20 சதம் வரைக்கும் கூலியா வாங்கிக்கும்.

சரி தண்ணி கொண்டு வருதா இல்லையா? இத வெச்சு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள பல வருஷமா சண்டை. இழை ரொம்ப மெல்லிசு, அதுக்குள்ள எவ்வளவு தான் ஓடிரும்னு ஒரு கட்சி. 2022ல அமெரிக்காவுல காட்டு ஓட்ஸ் செடிய வெச்சு ஒரு சோதனை வந்துச்சு, வேர் இருக்கிற பக்கத்துக்கும் ஈர மண்ணுக்கும் நடுவுல காத்து இடைவெளி விட்டு, இழை மட்டும் தாண்டுற மாதிரி வலை வெச்சு, அந்தப் பக்கம் அடையாளம் போட்ட தண்ணிய ஊத்துனாங்க. செடி இலை வழியா விட்ட தண்ணில சுமார் மூணுல ஒரு பங்கு அந்தப் பக்கத்துத் தண்ணி. ஆக கொண்டு வருது. ஆனா அது தொட்டில இருக்கிற சின்னச் செடி, பூ விடுற மக்காச்சோளம் ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணிய நினைச்சுப் பாருங்க, காட்டுல இது எவ்வளவு தாங்கும்ங்கிறது வேற கணக்கு. என் பார்வைல அதவிட முக்கியமானது, மண்ணு காயும் போது வேர் சுருங்கி மண்ணுக்கும் வேருக்கும் நடுவுல ஒரு சந்து விழுந்துரும், அந்த சந்துல இழை பாலம் மாதிரி நிக்கும், ஈரத் தொடர்பு அறுந்து போகாது. இந்தப் பூஞ்சாணம் ஏறின செடி வறட்சில இலைத்துளைய கொஞ்சம் கூடுதலா திறந்து வெச்சு சமையல தொடரும், இதுவும் பல பயிர்ல பாத்தது தான். இதுல ஒரு கூத்தும் உண்டு, பூஞ்சாணம் ஏறின செடி நல்லா கொழுத்து இலை பெருத்துருச்சுன்னா சின்னத் தொட்டில அது தான் தண்ணிய சீக்கிரம் குடிச்சு முடிச்சு முதல்ல வாடும், அதப் பாத்துட்டு இது உதவாதுன்னு எழுதினவங்களும் இருக்காங்க.

இப்ப உங்க டிஏபிக்கு வருவோம், அது மணிச்சத்து நிறைஞ்ச உரம்.

செடி ஒண்ணும் ஏமாளி இல்ல. மணிச்சத்து குறையும் போது தான் வேர் வழியா ஸ்ட்ரைகோலாக்டோன்னு ஒரு வாசனைய மண்ணுக்குள்ள விட்டு பூஞ்சாணத்த வா வான்னு கூப்பிடும். வயிறு நிறைஞ்சிருச்சுன்னா கூப்பிடாது, வந்தவனுக்கும் கதவ சாத்திரும், கூலி குடுத்து ஆள் வெச்சுக்க அவசியம் என்ன? இந்த வாசனையோட கதை சுவாரசியமானது, 1966ல பருத்தி வேர்ல இருந்து இதப் பிரிச்சு எடுத்தப்ப இது சுடுமல்லி விதைய முளைக்க வைக்கிற பொருள்னு தான் தெரிஞ்சுது, அதான் சோளத்துலயும் கரும்புலயும் வேர்ல ஒட்டி உறிஞ்சுற களை. நல்லது பண்ற பூஞ்சாணத்துக்கும் இது தான் அழைப்பிதழ்னு ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது 2005ல. நண்பனுக்குப் போட்ட சத்தத்த திருடனும் கேட்டுக்கிட்டு வந்த மாதிரி.

அப்ப விதை வரிசை ஓரமா டிஏபிய கொட்டி வெச்சா என்ன நடக்கும்? மழை இருக்கிற வரைக்கும் பயிரு ஜம்முனு வரும், யாரும் குறை சொல்ல முடியாது. செடி பூஞ்சாணத்த சரியா சேத்துக்காது, சத்து மேல் மண்ணுலயே கிடைக்கிறதால வேரும் மேலயே சுத்திக்கிட்டு கிடக்கும். மழை மறைஞ்சா முதல்ல காயிறது அந்த மேல் நாலு அங்குலம் தான், சோறு இருக்கிற அறைய பூட்டின மாதிரி ஆயிரும், அடில ஈரம் இருந்தாலும் அங்க சத்து இல்ல, எட்டிப் பிடிக்க இழையும் இல்ல. உங்க பிஞ்சைல நடந்தது இதா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு நினைக்கிறேன்.

இதுக்காக உரமே போடாதீங்கன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. மணிச்சத்து அடியோட இல்லாத மண்ணுல செடிக்கே ஒண்ணும் இல்ல, பூஞ்சாணத்துக்கு எங்கிருந்து கூலி குடுக்கும். அளவு தான் விஷயம், மண் பரிசோதனைல மணிச்சத்து நடுத்தரம், அதிகம்னு வந்தா பழக்க தோஷத்துல மூட்டைய அவிழ்க்காதீங்க, அவ்வளவு தான்.

டிஏபில தழைச்சத்தும், அதான் நைட்ரஜனும் இருக்கு, அதுக்கு மேல யூரியாவும் அடிச்சிருப்பீங்க, அதுவும் வறட்சில ஒரு பொறி. ஆஸ்திரேலியா கோதுமைக்காரங்க கிட்ட இதுக்குன்னு தனி சொல்லே இருக்கு, வைக்கோலாப் போறதுன்னு அர்த்தம் வரும். தழைச்சத்து கூடின கோதுமை ஆரம்பத்துல தளதளன்னு தூர் கட்டி இலை விட்டு மண்ணுல இருக்கிற தண்ணிய எல்லாம் குடிச்சு முடிச்சிரும், பால் பிடிக்கிற நேரத்துல மழை இல்லன்னா மணி சுருங்கி வைக்கோல் தான் மிச்சம். உரம் போடாத வயல் அன்னைக்கு ஜெயிச்சிரும். கரிசல் மானாவாரிலயும் சேமிச்ச ஈரத்த வெச்சு தான் கடைசி மாசம் ஓடுது, அதனால தழைச்சத்த ஒரே அடியா அடில போடாம பாதிய மழையப் பாத்துப் போடுறது தான் புத்திசாலித்தனம். பொட்டாஷ் இதுக்கு நேர் எதிர், இலைத்துளைய திறக்கிறதும் மூடுறதும் அந்தக் காவல் செல்லுக்குள்ள பொட்டாசியம் போயி வர்றதால தான், அது பத்தலைன்னா கதவு துருப்பிடிச்ச மாதிரி மெதுவா மூடும், அதுக்குள்ள தண்ணி போயிரும். கரிசல்ல பொதுவா பொட்டாஷ் இருப்பு பரவாயில்ல, ஆனா காஞ்ச மண்ணுல அதுவும் வேருக்கு லேசுல வராது, அதான் வறட்சில 1 சத பொட்டாஷ், லிட்டருக்கு 10 கிராம், இலை மேல தெளிக்கச் சொல்றது. வறட்சி தாங்க பிபிஎஃப்எம்னு ஒண்ணு தெளிக்கிறோம்ல, அதையும் சிலர் பூஞ்சாணம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது இலை மேல வாழுற ரோஸ் கலர் பாக்டீரியா, வேற ஜாதி.

அடுத்து ரோட்டாவேட்டர். இது தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை. ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து பக்கம் டார்லிங் டவுன்ஸ்னு ஒரு பிரதேசம், அங்கயும் நம்ம கரிசல் மாதிரி வெடிச்சுப் பிளக்குற கருப்பு மண்ணு தான். அங்க ஈரம் சேக்கிறதுக்காக நிலத்த ஒரு வருஷத்துக்கு மேல களை கூட இல்லாம மொட்டையா போடுவாங்க. மண்ணுல தண்ணி கூடிருச்சு, நைட்ரேட்டும் கூடிருச்சு, நியாயமா அமோகமா விளையணும். ஆனா அதுக்கப்புறம் விதைச்ச சூரியகாந்தி, மக்காச்சோளம் எல்லாம் மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாத மாதிரி வெளிறி குட்டையா நின்னுச்சு. ரொம்ப நாள் யாருக்கும் பிடிபடல. ஜான் தாம்சன்ங்கிறவர் 1987ல எழுதுனப்ப தான் வெளிச்சமாச்சு, உயிருள்ள வேர் இல்லாம பூஞ்சாணம் பட்டினில குறைஞ்சு போச்சு, மறுபடி பூஞ்சாணத்த சேத்தா பயிரு தேறிருச்சு. அதாவது தண்ணி இருந்தும் பயிரு தோத்துச்சு, கூட்டாளி இல்லாததால.

நம்ம கரிசல்ல தை மாசில அறுத்தா புரட்டாசி வரைக்கும் ஏழெட்டு மாசம் மொட்டை. அங்க மாதிரி வருஷக் கணக்கு இல்ல, அதனால அதே அளவு சேதம்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. காஞ்ச மண்ணுக்குள்ள பழைய வேரோட ஒட்டின இழை செத்துப் போறதில்ல, கலைக்காம விட்டா அடுத்த மழைக்கு அங்க இருந்தே புது வேர்ல ஏறிக்கும், ஆஸ்திரேலியாலயே சோதிச்சுப் பாத்திருக்காங்க, கலைச்சா தான் வீரியம் போகுது. ரோட்டாவேட்டர் அந்த வலைய நாராக் கிழிச்சிரும், அப்புறம் மண்ணுல இருக்கிற வித்துல இருந்து ஆரம்பத்துல இருந்து கட்டணும், அதுக்குள்ள பயிருக்குப் பசி எடுக்கிற முதல் மாசம் போயிரும். பக்கத்துக்காரர் தட்டைய விட்டு வெச்சது சோம்பேறித்தனமா கூட இருக்கலாம், ஆனா வேலை செஞ்சிருக்கு. கோடை உழவே வேண்டாமான்னா, அப்படி இல்ல, படைப்புழுக் கூட்டுப்புழு வெளிய வந்து சாகும், முதல் மழை உள்ள இறங்கும், அது பெரிய லாபம். சால் விட்டு ஒரு தடவ உழுறதுக்கும் மாவா அரைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு தான் சொல்றேன்.

எல்லாப் பூஞ்சாணமும் நண்பன் இல்லைங்கிறதையும் சொல்லணும். மேக்ரோஃபோமினான்னு ஒண்ணு பல மானாவாரி மண்ணுலயும் கருப்பு கடுகு மாதிரி, கடுக விட பல மடங்கு சின்னதா, தூங்கிக்கிட்டு கிடக்கும். மண்ணு சூடாகி, செடி தாகத்துல தளர்ந்ததும் எந்திரிச்சிரும். உளுந்து, எள்ளுல வேரழுகல், சோளத்துல மணி பிடிக்கிற நேரத்துல தண்டு ஒடிஞ்சு சாயும், பிளந்து பாத்தா உள்ள கரித்தூள அப்பின மாதிரி இருக்கும். நாம அத வறட்சில காஞ்சதுன்னு எழுதிட்டுப் போயிருவோம். சோளத்துல தழைச்சத்து கூட போட்டு நெருக்கி விதைச்சா இது அதிகமாகுதுன்னு பாத்திருக்காங்க. இதுக்கு விதைக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கிறது சல்லிசான வேலை, அது இந்த எதிரிய அமுக்குற பூஞ்சாணம், வேம் பண்ற வேலைய பண்ணாது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. செம்மண்ல கடலை போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை, கடைசி ஒரு மாசம் வறட்சி அடிச்சா ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சாணம் காய்க்குள்ள ஏறி அஃப்ளடாக்ஸின் நஞ்ச வெச்சிரும். கடலைக் காய் மண்ணுல இருந்து கால்சியத்த நேரடியா தானே உறிஞ்சுது, மண்ணு காஞ்சா அது வராம பொக்கு விழுறதும் இதே நேரத்துல தான். கால்சியம் குடுக்கிற ஜிப்சத்த ஈரம் இருக்கும் போதே போட்டு மண் அணைக்கணும்னு பெரியவங்க அடிச்சுக்கிறது அதுக்குத்தான்.

கடைசியா பாக்கெட். சுவிட்சர்லாந்துல 54 மக்காச்சோள வயல்ல ஒரே பூஞ்சாணத்தப் போட்டுப் பாத்து 2023ல முடிவு வெளியிட்டாங்க, ஒரு வயல்ல வளர்ச்சி 40 சதம் கூடிருக்கு, இன்னொரு வயல்ல 12 சதம் குறைஞ்சிருக்கு. எங்க நல்லா வேலை செஞ்சுதுன்னு பாத்தா, மணிச்சத்து அளவ விட, நோய்ப் பூஞ்சாணம் அதிகமா இருந்த மண்ணுல தான், அங்க இது காவல்காரனா நின்னிருக்கு. அது ஈரமான ஊரு, அப்படியே நமக்குப் பொருந்தாது, ஆனா யாராவது "போட்டா கண்டிப்பா கூடும்"னு சொன்னா இந்த எண்ண ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னொரு சிக்கல், இந்த ஜாதி உயிருள்ள வேர் இல்லாம வளராது, ரைசோபியம்ங்கிற பாக்டீரியா மாதிரி கரைசல்ல வளத்து பாட்டில்ல அடைக்கிற சமாச்சாரம் இல்ல. வெயில்ல மாசக்கணக்குல கடை வாசல்ல கிடந்த மூட்டைல எத்தனை உயிரோட இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நானே ஒரு தடவ வாங்கி வெங்காயத் தொட்டில போட்டுப் பாத்தேன், போட்டதுக்கும் போடாததுக்கும் வேர்ல ஒரு வித்தியாசமும் தெரியல, காசு போனது தான் மிச்சம்.

வேணும்னா நீங்களே பெருக்கிக்கலாம், வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற முறை இருக்கு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒரு அடி ஆழத்துல குழி, கருப்பு பாலித்தீன் விரிச்சு 50 கிலோ வெர்மிகுலைட்ங்கிற லேசான கனிமத் துகள், 5 கிலோ சுத்தம் பண்ணின மண்ணு, மேலாப்புல ஒரு கிலோ நல்ல வேம் தாய் வித்து, அது மேல மக்காச்சோளம். உரம் கிராம் கணக்குல தான், கை நிறைய அள்ளிப் போட்டா மேல சொன்ன கதவு சாத்துற கதை தான். 60 நாள் கழிச்சு தண்டை அறுத்துட்டு வேர பொடியா நறுக்கி அதே கலவைல கலந்துட்டா 55 கிலோ கையில. நாத்து விட்டு நடுற வெங்காயம், மிளகாய்க்கு இது லாயக்கு, நாத்தங்கால்லயே போட்டா கொஞ்சம் போதும், வெங்காயத்துக்கு வேர்த்தூவியே ரொம்பக் கம்மி, பூஞ்சாணத்த நம்பித்தான் பொழப்பு. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட், தண்டுக்கீரைக்கு போடவே போடாதீங்க, அதுக குடும்பத்துக்கே இந்த சகவாசம் கிடையாது. ஏக்கர் கணக்குல மக்காச்சோளத்துக்கு வாங்கிப் போடுறதுக்கு நான் சொல்ல மாட்டேன், உங்க மண்ணுலயே இருக்கிறத சாகடிக்காம இருந்தாலே போதும்.

உங்க இடத்துல நான் இருந்தா வர்ற வருஷம் பிஞ்சைய ரெண்டாப் பிரிப்பேன். ஒரு பாதில எப்பவும் போல, மறு பாதில டிஏபிய பாதியாக் குறைச்சு, கிடை போட்டு, ரோட்டாவேட்டர் விடாம, நடுவுல நாலு வரிக்கு ஒரு வரி தட்டைப்பயறு. விதைச்சு முப்பது முப்பத்தஞ்சு நாள்ல ரெண்டு பக்கமும் மெல்லிசு வேரா பிடுங்கி கழுவி, பள்ளிக்கூட லேப்ல யாராவது சார் கிட்ட கேட்டு, காரக் கரைசல்ல வேக வெச்சு வெளுத்துட்டு, வினிகர்ல நீல பேனா மை கொஞ்சம் கலந்து அதுல மறுபடி மூணு நிமிஷம் கொதிக்க வெச்சு மைக்ராஸ்கோப்ல பாருங்க. பூஞ்சாணம் இருந்தா வேருக்குள்ள நீலமா நரம்பு மாதிரி ஓடும், அங்கங்க குட்டி மரமும் உருண்டையும் தெரியும். கார்த்திகைல மழை மறைஞ்சா எந்தப் பாதி எத்தனை மணிக்கு உருட்டிக்கிதுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, கதிர் எடைய தனித்தனியா போடுங்க. முழுப் பிஞ்சையிலயும் மாத்துறதா வேண்டாமான்னு அந்த நோட்டப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்.